குடும்பத்துக்கு ஒரு முகவரி

ஏசுதாசன் என்ன வேலை பார்க்கிறார் என்பதை மலேசியாவில் ஈப்போவில் இருக்கும் அவருடைய மாமியாருக்கு விளக்கிவிட வேண்டும் என்று அவர் மனைவி திலகம் பல ஆண்டுகள் தொலைபேசியில் போராடினாள்.

"கம்ப்யூட்டர்ல ஒருத்தர் ஒரு பாரத்த நிரப்பி பட்டன அமுக்குவாரும்மா. ஒடனே நாலு பேருக்கு தானா இமெயில் போகும். அப்படிப் போக வைக்கிறதுதான் இவரு வேலை."

"அந்த நாலு பேரும் அத படிப்பாங்களா?"

"படிக்க மாட்டாங்க."

"அப்புறம் எதுக்கு சம்பளம் குடுக்குறான்?"

இந்தக் கேள்விக்கு மெல்பேர்ன் நகரத்தின் எந்த அலுவலகத்திலும் பதில் கிடையாது. மாமியார் மட்டும் ஆங்கிலம் படித்திருந்தால் பல பெரிய நிறுவனங்கள் ஒரே வாரத்தில் மூடப்பட்டிருக்கும்.

தைப்பிங்கிலிருந்து மாணவராக வந்து இறங்கிய காலத்தில் ஏசுதாசனுக்கும் வேறு கனவுகள் இருந்தன. பட்டம் வாங்கினார், குடியுரிமை வாங்கினார், திலகத்தைக் கட்டிக்கொண்டு வந்தார், வெரிபீயில் புதிதாகக் கிளம்பிய ஒரு குடியிருப்பில் வீடு கட்டினார். அங்கே தெருக்களுக்கெல்லாம் பறவைகளின் பெயர். வீடு கட்டுவதற்காக எந்தப் பறவைகளைத் துரத்தினார்களோ அவற்றின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். அந்தத் தெருவிலிருந்து தினமும் காலையில் ரயிலேறி, நகரத்தில் ஒரு காப்புறுதி நிறுவனத்துக்குப் போய், படிவங்களுக்குப் பின்னால் கணினி நிரல் எழுதினார். விடுப்புக்கு ஒரு படிவம். நாற்காலி உடைந்தால் ஒரு படிவம். குளிர்சாதனப் பெட்டியில் யாருடைய சாப்பாடாவது கெட்டுப்போனால் அதைக் கண்டுபிடித்தவர் நிரப்ப ஒரு படிவம். பொத்தானை அழுத்தியதும் மாடியில் உள்ள அத்தனை பேருக்கும் 'துர்நாற்றம் வீசும் பொருள் ஒன்று' என்று தானாக அறிவிப்பு போகும். முதல் அறிவிப்பு போன அன்று மாடி முழுவதும் திரும்பி ஏசுதாசனைத்தான் பார்த்தது. பிறகு அது மேலாளருடைய பாலாடைக்கட்டி என்று தெரியவந்தது. அதை மறுத்து அறிவிப்பு அனுப்பப் படிவம் இல்லை.

அன்றிலிருந்து அவருக்கு ஒரு வியாதி பிடித்தது. தான் செய்த ஒன்று நன்றாக ஓடுவதைப் பார்த்தால் அடிவயிற்றிலிருந்து ஓர் அருவருப்பு கிளம்பும். வாந்தி வராது, வந்தால்கூட நிம்மதி. மருத்துவர் அமிலம் என்றார். திலகம், ரயில் நிலையத்தில் வாங்கித் தின்னும் இறைச்சிப் பணியாரம் என்றாள். இருவர் சொன்னதையும் ஏசுதாசன் ஏற்றுக்கொண்டார். எதையும் ஏற்றுக்கொள்வதுதான் அவருடைய குணம். யார் எதைச் செய்து தரச் சொன்னாலும், அது எவ்வளவு மடத்தனமாக இருந்தாலும், அவர் வாயிலிருந்து மலேசிய ஆங்கிலத்தில் வருவது ஒரே பதில்: "கேன் லா," முடியும் என்று. முடியாது என்ற சொல் அவருடைய அகராதியில் அச்சாகாமலே விட்டுப்போயிருந்தது.

இந்தக் குணத்தை அலுவலகம் கண்டுகொண்டது போலவே சபையும் கண்டுகொண்டது.

சபை என்பது மேற்கு மெல்பேர்னில் ஒரு வெள்ளைக்காரத் தேவாலயத்தின் பின்மண்டபத்தில் ஞாயிறு பிற்பகல் கூடும் தமிழ்ச் சபை. காலையில் வெள்ளைக்காரர்கள் ஆராதித்துவிட்டுப் போன பிறகு, அவர்கள் விட்டுப்போன பிஸ்கட் மணத்துக்கு மேல் தமிழர்கள் ஆராதிப்பார்கள். மலேசியர், சிங்கப்பூரர், யாழ்ப்பாணத்தவர், திருநெல்வேலிப் பக்கத்தவர் எல்லாரும் ஒரே ஆவியில் ஒன்றுபட்டிருந்தார்கள். தேநீர் வேளையில் மட்டும் நான்கு மேசைகளாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள்.

சபையின் செயலாளர் அருமைநாதன் அங்கிள். யாழ்ப்பாணத்தில் கணக்காளராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஓயாதவர். ஜெபச் சங்கிலியின் தலைவி அன்னம்மா அன்ரி. ஜெபச் சங்கிலி என்றால், ஒரு வீட்டில் ஒரு கஷ்டம் வந்தால் அவர்கள் அன்ரிக்குத் தொலைபேசியில் சொல்லுவார்கள், அன்ரி அடுத்த வீட்டுக்குச் சொல்லுவார், அந்த வீடு அதற்கடுத்த வீட்டுக்குச் சொல்லும், எல்லாரும் ஜெபிப்பார்கள். முதல் வீட்டில் பல்வலியாகப் புறப்பட்ட விண்ணப்பம் கிரெய்கிபர்னில் உள்ள கடைசி வீட்டைச் சேரும்போது தாடையில் புற்றுநோயாகியிருக்கும். ஒருமுறை இரங்கல் மலர்வளையத்துடன் சிலர் போய் நிற்க, கதவைத் திறந்தவரே நோயாளியாக இருந்தார். அவர் அதைப் பெருந்தன்மையாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகுதான், 2003ஆம் ஆண்டின் தொடக்கத்தில், செயற்குழு கூடி விஞ்ஞானத்தின் உதவியை நாடியது. சபையின் இணையப் பக்கத்தில் ஒரு ஜெப விண்ணப்பப் படிவம். நிரப்பி அழுத்தினால் எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில், ஒரே வாசகம், தானாகப் போய்ச் சேர வேண்டும். பல்வலி கடைசி வரை பல்வலியாகவே இருக்க வேண்டும். செய்ய முடியுமா என்று கேட்டார்கள். ஏசுதாசன் என்ன சொன்னார் என்பதை வாசகர் அறிவார்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் அவர் தயங்கினார். விண்ணப்பம் போட்டவருக்கு, கிடைத்தது என்று ஒரு பதில் தானாகப் போக வேண்டும் அல்லவா? அது எந்த முகவரிக்குப் போவது? ஒவ்வொருவரும் தம் சொந்த மின்னஞ்சலைப் போட ஒரு கட்டம் வைக்கலாம் என்றார்.

"என்னத்துக்குத் தம்பி?" என்றார் அருமைநாதன் அங்கிள். "சபைப் பதிவிலை குடும்பத்துக்கு ஒரு நம்பர் இருக்கு. குடும்பத் தலைவற்றை இமெயில் ஒண்டு இருக்கு. அது காணும். மனிசிக்குத் தனி அட்ரஸ், பிள்ளைக்குத் தனி அட்ரஸ் எண்டு வெளிக்கிட்டால் பிறகு அது குடும்பமோ, தபால் கந்தோரோ?"

செயற்குழு சிரித்தது. செயற்குழுவில் இருந்த பெண்களும் சிரித்தார்கள். அன்னம்மா அன்ரி ஒருபடி மேலே போய், அந்தப் பதிலில் விண்ணப்பத்தின் முழு வாசகத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்றார். ஆண்டவரிடம் என்ன கேட்டோம் என்பது போன வாரமே தனக்கு மறந்துவிட்டதாம். அதுவும் நியாயமாகப் பட்டது. ஆகவே யார் விண்ணப்பித்தாலும், படிவம் அவருடைய குடும்ப எண்ணைப் பார்த்து, குடும்பத் தலைவரின் முகவரியைத் தேடியெடுத்து, விண்ணப்பத்தை வரி பிசகாமல் அவருக்கு அனுப்பிவைக்கும்படி ஏசுதாசன் நிரல் எழுதினார். நன்றாக ஓடியது. அடிவயிற்றில் லேசாகக் கிளம்பியது. இறைச்சிப் பணியாரம் என்று நினைத்துக்கொண்டார்.

படிவத்தின் வெற்றி சபை வரலாற்றில் காணாதது. எந்த வகையான விண்ணப்பம் என்று தெரிவு செய்யும் பட்டியலில் நோய், வேலை, விசா, திருமணம், பிள்ளைகள், வீட்டுக்கடன், இதர என்று இருந்தது. போதகர் 'பாவம்' என்பதையும் சேர்க்கச் சொன்னார். அதைத் தனக்காக யாரும் தெரிவு செய்ததில்லை. மற்றவர்களுக்காகத் தாராளமாகச் செய்தார்கள். தொலைபேசியில் ஒருவரைப் பற்றி ஒன்று சொல்வதற்கு மனிதர்கள் குரலைத் தாழ்த்த வேண்டியிருந்தது. படிவத்துக்குக் குரல் கிடையாது. 'கிரெய்கிபர்னில் ரவுண்டபவுட் அருகே வசிக்கும், பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரன் சூதாட்ட இயந்திரத்திலிருந்து விடுதலை பெற' என்று ஒன்று வந்தது. அந்த ரவுண்டபவுட் அருகே ஒரே ஒரு தமிழ்க் குடும்பம்தான் இருந்தது. 'மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைக்காதபோதும், கிடைத்துவிட்டதாகத் தாய் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு வாலிபனுக்காக' என்று இன்னொன்று. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டிய இந்த ஜெபங்கள் பொழுது புலர்ந்தது முதல் வீடு வீடாக விழுந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் 'ஜெபித்தேன்' என்று ஒரு பொத்தான். அதுவும் செயற்குழுவின் வேண்டுகோள். யார் யார் ஜெபித்தார்கள் என்று மாத முடிவில் அருமைநாதன் அங்கிள் அறிக்கை வாசித்தார். வாசிக்கப்படாதவர்கள் அடுத்த மாதம் விழுந்து விழுந்து ஜெபித்தார்கள்.

ஏசுதாசனுக்குச் சோறு இறங்கவில்லை. ஊர்வம்பு ஒரு பழைய பொருள். அது அவருக்குப் பழக்கமானதுதான். அதை வெள்ளை அங்கி உடுத்தி, ஆமென் போட்டு, தன் கையால் எழுதிய நிரல் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போவதுதான் குமட்டியது. ஆனாலும் அடுத்த திருத்தம் கேட்டபோது கேன் லா என்றுதான் சொன்னார்.

அந்தத் திருத்தம் போதகர் கேட்டது. சிலர் எல்லாருக்கும் தெரியாமல் தன்னிடம் மட்டும் சொல்ல விரும்புகிறார்கள். ஆகவே 'போதகருக்கு மட்டும்' என்று ஒரு சிறு கட்டம் வேண்டும், அதில் குறியிட்டால் மற்ற வீடுகளுக்குப் போகக் கூடாது. ஏசுதாசன் கட்டத்தை வைத்தார். குறியிட்டால் மற்ற வீடுகளுக்குப் போகாது. விண்ணப்பித்தவருக்குப் போகும் பதிலை மட்டும் அவர் தொடவில்லை. அது விண்ணப்பித்தவருக்குத்தானே போகிறது என்று நினைத்தார். அதாவது நினைக்கவில்லை.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை காலை, அலுவலகத்தில், சபையின் மின்னஞ்சல்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சேவையகத்திலிருந்து அவருக்கு ஓர் அறிவிப்பு வந்தது. கீழ்க்கண்ட கடிதத்தைக் கொடுக்க முடியவில்லை, பெறுநரின் பெட்டி நிரம்பி வழிகிறது, கவலை வேண்டாம், ஐந்து நாள் வரை விடாமல் முயன்றுகொண்டிருப்போம் என்றது. பெறுநர் ஞானசிங். கீழ்க்கண்ட கடிதம் அவர் மனைவி விமலாவின் விண்ணப்பம்.

ஞானசிங் சபையின் பாடகர் குழுத் தலைவன். பாளையங்கோட்டைக்காரன், மென்பொருள் துறையில் நல்ல வேலை, கிதார் வாசித்துக்கொண்டு கண்ணை மூடி மேல் ஸ்தாயியில் பாடினால் நான்கு மேசைகளும் ஒன்றாகக் கண் கலங்கும். விமலா அவனைக் கட்டிக்கொண்டு வந்து இரண்டாம் வருடம். ஹாப்பர்ஸ் கிராசிங்கில் முதியோர் இல்லமொன்றில் வேலை. சபையில் யாராவது பேசினால் பதிலுக்கு முன் கணவனைப் பார்ப்பாள். அடக்கமான பிள்ளை என்று அன்னம்மா அன்ரி சான்று கொடுத்திருந்தார்.

விண்ணப்ப வகை: இதர. 'போதகருக்கு மட்டும்' குறியிடப்பட்டிருந்தது. திங்கட்கிழமை மாலை வெரிபீ நூலகத்தின் கணினியிலிருந்து தட்டியிருந்தாள். அவர் அடிக்கிறார். முழுக்கைச் சட்டை போட்டுத்தான் வேலைக்குப் போகச் சொல்கிறார். பாஸ்போர்ட் அவரிடம் இருக்கிறது. வெளியே சொன்னால் விசாவை ரத்து செய்து திருப்பி அனுப்பிவிடுவேன் என்கிறார். நான் சொன்னேன் என்று தெரிந்தால் என்னை உயிரோடு விடமாட்டார். எனக்குப் பொறுமை கிடைக்க ஜெபியுங்கள்.

ஏசுதாசன் அதைப் படித்து முடித்து, குனிந்து, காகிதக் கூடையை இழுத்து முழங்காலுக்கிடையில் வைத்துக்கொண்டார். ஒன்றும் வரவில்லை. பக்கத்து மேசைப் பெண், உடம்பு சரியில்லையா, அதற்கு ஒரு படிவம் இருக்கிறதே என்றாள்.

அவர் நிலைமையை ஒருமுறை நிதானமாக எண்ணிப் பார்த்தார். ஞானசிங்கின் இலவச மின்னஞ்சல் பெட்டி மிகச் சிறியது. சபையின் ஜெபங்களே அதை அடைத்துவிட்டன. அவன் உட்கார்ந்து நாலு ஜெபத்தை அழித்தால் இடம் வரும். இடம் வந்தால் அவர் எழுதிய நிரல், சொன்ன சொல் தவறாமல், அவள் எழுதியதை அவன் கையில் கொண்டுபோய்க் கொடுக்கும்.

சபையின் இணையப் பக்கத்தை வைத்திருந்த சிறு நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து, வரிசையில் நிற்கும் ஒரு கடிதத்தைத் தூக்கிவிடக் கேட்டார். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் எழுதித் தந்தால் உடனே தூக்கலாம் என்றார்கள். கணக்கு அருமைநாதன் அங்கிள் பெயரில் இருந்தது. அங்கிள் காரணம் கேட்பார். காரணம் அங்கிளின் மனைவிக்கும் தெரிந்துவிடும். அங்கிருந்து அன்னம்மா அன்ரி வீட்டுக்கு ஒரு தொலைபேசி தூரம்.

மதிய இடைவேளையில் போதகரை அழைத்தார். விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டதாகப் போதகர் சொன்னார்; மனம் பாரமாக இருக்கிறதாம். பிறகு சட்டென்று நினைவு வந்தவராக, அது தனக்கு மட்டும் என்று வந்தது, பிரதர் அதை எப்படிப் படித்தீர்கள் என்று கேட்டார். ஏசுதாசன் நடந்ததைச் சொன்னார். அந்தரங்கத்தைக் காப்பது எவ்வளவு முக்கியம் என்று போதகர் சிறிது நேரம் விளக்கினார்.

"பாஸ்டர், அந்தப் பொண்ணுக்கு இப்ப என்ன செய்யறது?"

"செய்வோம் பிரதர், கட்டாயம் பேசுவோம். ரெண்டு பேரையும் வச்சு ஜெபம் பண்ணணும். ஆனா ஈஸ்டர் முடியட்டும். குருத்தோலை ஞாயிறு, பெரிய வெள்ளி, உயிர்த்தெழுதல், பாட்டு எல்லாமே அவர் கையிலதான இருக்கு."

ஏசுதாசன் தொலைபேசியை வைத்தார். கை கழுவப் போனார். சோப்புப் போட்டுக் கழுவினார். திரும்பவும் போட்டுக் கழுவினார்.

பிறகு தன் மேசையில் வந்து உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாக யாரும் கேட்காத ஒரு நிரலை எழுதினார். சபையின் கிறிஸ்துமஸ் நாடகப் புகைப்படங்கள் அவரிடம் இருந்தன. ஒவ்வொன்றும் மூட்டை கனம். அவற்றை ஞானசிங்கின் முகவரிக்கு, சபையின் பெயரில், சில நிமிடத்துக்கு ஒன்று வீதம் ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கும் நிரல். விமலாவின் கடிதத்தைச் சேவையகம் சில மணிநேரத்துக்கு ஒருமுறைதான் எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டும். படங்கள் கதவடியிலேயே படுத்துக்கிடக்கும். ஞானசிங் இடம் விட்டானானால் முதலில் உள்ளே நுழைவது படமாகத்தான் இருக்கும் என்பது கணக்கு. முதலில் அனுப்பிய படத்தில் மூன்று சாஸ்திரிகள் ரப்பர் செருப்புடன் நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் தூபவர்க்கத்தை ஏந்தி நின்ற சாஸ்திரி ஞானசிங்.

கணக்குத்தான், உறுதி இல்லை. இடைவெளியில் கடிதம் ஒருமுறை தட்டிவிட்டால் போதும்.

மாலையில் வீட்டுக்கு வந்து திலகத்திடம் சொன்னார். அவள் ஆஸ்பத்திரி ஒன்றில் இரத்தம் எடுக்கும் வேலையில் இருந்தாள். எதையும் முகம் சுளிக்காமல் பார்க்கிறவள். சொல்லி முடிக்கும்வரை காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. பிறகு கத்தியைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பொண்ணு எழுதுனத அந்தப் பொண்ணோட புருஷனுக்கே அனுப்புற மாதிரி நீங்கதானே செஞ்சீங்க?"

"கமிட்டி சொன்னாங்க."

"கமிட்டி கெணத்துல குதின்னு சொன்னா, கேன் லான்னுவீங்க. அப்புறம் எனக்கு ஒரு இமெயில் வரும்."

மறுநாள் அவள் மதியத்துக்கு மேல் விடுப்பு எடுத்துக்கொண்டு ஹாப்பர்ஸ் கிராசிங்குக்குப் போனாள். முதியோர் இல்லத்தின் பின்பக்கம், துணி உலர்த்தும் இடத்தில் வைத்துப் பேசினாள். விமலா முதலில் எல்லாவற்றையும் மறுத்தாள். அவர் ரொம்ப நல்லவர்க்கா என்றாள். படிவத்தில் தவறுதலாக ஏதோ எழுதிவிட்டேன் என்றாள். திலகம், பதில் எந்த முகவரிக்குப் போகும் என்பதை மட்டும் சொன்னாள். விமலா கையிலிருந்த போர்வையை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"அவருக்குப் போயிருச்சாக்கா?"

"இன்னும் போகல."

"எப்ப போகும்?"

"சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் போகாம இருந்துச்சுன்னா, அப்புறம் போகாது."

"பாஸ்டர் என்ன சொன்னாரு?"

திலகம் பொய் சொல்லத் தயாராக வந்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. ஈஸ்டர் முடியட்டும் என்றார் என்றாள். விமலா போர்வையை அடுக்கின் மேல் வைத்தாள். பிறகு, தான் கேட்ட பொறுமையைத் தானே திருப்பிக் கொடுத்துவிட்டவள்போல, "நான் வர்றேங்க்கா, எங்க போகணும்?" என்றாள்.

திலகத்தின் ஆஸ்பத்திரியில் ஒரு சமூகப் பணியாளர் இருந்தாள். அடிக்கிற கணவனை விட்டு வருகிறவளை விசாவைக் காட்டித் துரத்த முடியாதபடி சட்டத்திலேயே இடம் இருக்கிறது என்றும், பாஸ்போர்ட்டை அவன் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கலாம், வேறு எடுக்கலாம் என்றும் அவள் சொன்னாள். தங்க ஓர் இடமும் இருந்தது; முகவரியைத் திலகத்துக்குக்கூடச் சொல்லமாட்டார்கள். ஆனால் அறை திங்கட்கிழமைதான் காலியாகும். அதுவரை வேறு எங்காவது தங்கச் சொன்னார்கள். தெரிந்த வீடு என்றால் அவன் அங்கே வந்துவிடுவான் என்று விமலா மறுத்துவிட்டாள். திங்கள் வரை வீட்டிலேயே இருக்கிறேன், எதுவும் நடக்காததுபோல இருக்க எனக்குப் பழக்கம் என்றாள்.

ஆகவே சனிக்கிழமை மாலை வரை ஒரு பெண்ணின் உயிர் ஒரு நிரம்பிய பெட்டியில் தொங்கியது. ஏசுதாசன் நகங்களைக் கடித்துத் தீர்த்தார். வியாழக்கிழமை அலுவலகத் தொலைபேசியில் ஞானசிங்கே வந்தான்.

"அண்ணே, சபை மெயில் வந்து பாக்ஸ் ரொம்பிட்டே இருக்கு. காலைல காலி பண்ணுதேன், ஆபீஸ் வந்து பார்த்தா மறுபடி ஃபுல்லு. பூரா கிறிஸ்துமஸ் படம்."

"ஏதோ லூப்ல மாட்டிக்கிச்சு போல. பாக்குறேன் லா."

"நான் வேணா ஸ்கிரிப்ட பாக்கட்டுமா? பாஸ்வேர்ட் மட்டும் குடுங்க. ஒரு நிமிஷ வேலை."

"வேணாம் லா. நீ பாட்டு ப்ராக்டிஸ் பாரு."

"சரிண்ணே. ஆண்டவர் உங்கள ஆசீர்வதிப்பாரு."

அந்த ஆசீர்வாதத்தைக் காதிலிருந்து துடைப்பதற்கு ஏசுதாசன் கைக்குட்டையைப் பயன்படுத்தினார். மிகைப்படுத்திச் சொல்லவில்லை, உண்மையாகவே துடைத்தார். குரலில் எந்தக் கறையும் இல்லை என்பதுதான் அவரைக் கலங்கடித்தது. கெட்டுப்போன சாப்பாட்டுக்குக்கூட ஒரு வாடை உண்டு.

சனிக்கிழமை இருட்டத் தொடங்கும் நேரம் அவர் வீட்டுக் கணினி முன் உட்கார்ந்திருந்தார். திலகம் பின்னால் நின்றாள். சேவையகத்திலிருந்து கடைசி அறிவிப்பு வந்தது. கீழ்க்கண்ட கடிதத்தைக் கொடுக்க எடுத்த முயற்சிகள் அனைத்தும் தோற்றுவிட்டன, இதற்குமேல் முயலமாட்டோம், வருந்துகிறோம். மனிதர் யாரும் எழுதாத அந்தக் கடிதத்தை ஏசுதாசன் திரும்பத் திரும்பப் படித்தார். படங்களை நிறுத்தினார். அத்தோடு நிற்காமல் படிவத்தின் நிரலைத் திறந்து, குடும்பத் தலைவருக்குப் பதில் அனுப்பும் வரிகளை ஒன்றுவிடாமல் அழித்தார். யாரையும் கேட்கவில்லை.

மறுநாள் குருத்தோலை ஞாயிறு. மண்டபத்தில் எல்லாரும் ஆளுக்கொரு குருத்தோலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். விமலா முழுக்கைச் சட்டையில் மூன்றாம் வரிசையில் இருந்தாள். முன்னால் ஞானசிங் கண்ணை மூடிப் பாடத் தொடங்கியதும் அவள் திரும்பி ஏசுதாசனைப் பார்த்தாள். அவர் குருத்தோலைக்குப் பின்னால் மெல்லத் தலையை இடதும் வலதும் அசைத்தார். போகவில்லை. அவள் முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்னம்மா அன்ரி அன்று அழுத அழுகையைப் பற்றி நான்கு மேசைகளிலும் பேசினார்கள். ஞானசிங்கின் குரல் அப்படி இருந்ததாம்.

திங்கட்கிழமை காலை விமலா வேலைக்குப் போனாள். மாலையில் வீட்டுக்குத் திரும்பவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஜெப விண்ணப்பம் வந்தது. ஞானசிங் போட்டது. வகை: குடும்பம் என்று ஒன்று இல்லாததால் 'பாவம்' என்பதைத் தெரிவு செய்திருந்தான். கெட்ட ஆலோசனைகளால் வழி தப்பிப் போன என் அன்பு மனைவி மனம் திரும்பி வீடு வந்து சேர. சபை திரண்டு 'ஜெபித்தேன்' என்று அழுத்தியது. அவன் வீட்டுக்குச் சோறும் கறியும் முறை வைத்துப் போயின. பெரிய வெள்ளி அன்று அவன் பாடும்போது பாதியில் குரல் உடைந்தது. உயிர்த்தெழுதல் ஞாயிறு அன்று மண்டபத்தில் உட்கார இடமில்லை.

அன்று ஆராதனை முடிந்ததும் செயற்குழு அவசரமாகக் கூடியது. ஏசுதாசனையும் கூப்பிட்டார்கள். ஞானசிங் ஒரு மூலையில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போதகர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒரு சின்ன வேலை," என்றார் அருமைநாதன் அங்கிள். "அந்தப் பாரத்திலை இன்னுமொரு கட்டம் வேணும். ஆரும் அந்தப் பிள்ளையைக் கடையிலை, ரயில்லை எங்கையும் கண்டால், எங்கை கண்டது எண்டு போட்டு அமத்தினால் காணும். உடனை இவருக்குத் தானா ஒரு இமெயில் போகவேணும். இவர் போய்க் கூட்டிக்கொண்டு வருவார். செய்யலாம்தானே?"

அன்னம்மா அன்ரி, இப்படி ஒரு நல்ல ஏற்பாட்டை முன்பே செய்திருக்கலாம் என்றார். எல்லாரும் ஏசுதாசனைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறப்பதற்குள்ளேயே ஒருவர் தேநீர்க் கோப்பைகளை அடுக்கத் தொடங்கிவிட்டார், பதில்தான் தெரிந்ததாயிற்றே.

"முடியாது," என்றார் ஏசுதாசன்.

கோப்பைச் சத்தம் நின்றது. அந்தச் சொல் அவருக்கே புதிதாக இருந்தது. செருப்புக் கடிப்பதுபோல் கொஞ்சம் கடித்தது.

"ஏன் தம்பி, டெக்னிக்கல் பிரச்சினையோ?"

"இல்ல அங்கிள். ரொம்ப சுலபமா செய்யலாம். எனக்கு அருவருப்பா இருக்கு."

ஞானசிங் தலையை நிமிர்த்தினான். ஏசுதாசன் அவனை நேராகப் பார்த்தார். "அந்தப் பொண்ணு முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டு வந்தது ஏன்னு இவன கேளுங்க. இல்ல, பாஸ்டர கேளுங்க. அவருக்கு எழுத்துல வந்துச்சு."

போதகர் சன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஞானசிங் எழுந்து, கிதாரை உறையில் போட்டு, ஜிப்பை மெதுவாக மேலே இழுத்து மூடிக்கொண்டு வெளியே போனான். யாரும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. அன்னம்மா அன்ரி மட்டும், பாவம், பிள்ளை சாப்பிடாமல் போகிறது என்று கறிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார்.

ஏசுதாசன் கணக்கின் கடவுச்சொல்லை அருமைநாதன் அங்கிளிடம் சொன்னார். அங்கிள் அதை எழுதிக்கொள்ளவில்லை. எங்கே எழுதுவது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஏசுதாசன் வெளியே வந்தபோது திலகம் காரை உயிர்ப்பித்து வைத்திருந்தாள். ரயில் பாலம் தாண்டும்போது அவர் காரை ஓரமாக நிறுத்தச் சொன்னார். கதவைத் திறந்து, சாலையோரப் புல்லில், பல ஆண்டுகளாக வராமல் இருந்ததை ஒருவழியாக எடுத்துவிட்டார். திலகம் தண்ணீர் போத்தலை நீட்டினாள்.

அடுத்த வாரம் எல்லா வீடுகளுக்கும் செயற்குழுக் கூட்டத்தின் அறிக்கை வந்து சேர்ந்தது. ஜெப விண்ணப்பப் படிவத்தை மேம்படுத்தும் திட்டம், தொழில்நுட்பக் காரணங்களால் ஒத்திவைக்கப்பட்டது என்று அதில் இருந்தது.